எஸ்ஏசிடி முதல் ப்ளூ-ரே ஆடியோ வரை: டிஸ்க்கில் இருக்கும் பாட்டை ரிப் செய்வது எப்படி? எந்த பிளேயரை வாங்கலாம்?

வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். அதற்குள் அப்பாவோ அண்ணனோ பார்த்துப் பார்த்து வாங்கிய சிடிக்கள் இருக்கும். அவற்றைப் போட்டுக் கேட்க இப்போது வீட்டில் கருவி இல்லை. லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் இல்லை. காரில் புளூடூத் மட்டும்தான்.

அந்தப் பெட்டியில் 'சூப்பர் ஆடியோ சிடி', 'டிவிடி ஆடியோ' என்று எழுதிய டிஸ்க்குகளும் இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. சாதாரண சிடியை எந்தக் கம்ப்யூட்டரிலும் காப்பி எடுத்துவிடலாம். இவற்றை அப்படி எடுக்க முடியாது. இவற்றை வாசிக்கும் பிளேயர்களும் கடைகளில் இருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த டிஸ்க்குகளில் என்ன இருக்கிறது? அதை எப்படிப் பத்திரப்படுத்துவது? பிளேயர் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹை-ரெஸ் டிஸ்க் என்றால் என்ன?

முதலில் சாதாரண சிடி. 1982ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கியது. இதில் ஒலி, ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 16 பிட் எண்ணாகப் பதிவாகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று சொல்வது இதைத்தான்.

இதைவிட நுணுக்கமாகப் பதிவு செய்யும் டிஸ்க்குகளைப் பொதுவாக ஹை-ரெசல்யூஷன், சுருக்கமாக ஹை-ரெஸ் என்கிறார்கள். அதில் முக்கியமானவை 3.

எஸ்ஏசிடி: 1999ல் வந்தது. இதையும் சோனியும் பிலிப்ஸும்தான் கொண்டுவந்தன. சோனியின் முதல் பிளேயரான எஸ்சிடி-1ன் விலை அமெரிக்காவில் சுமார் 5,000 டாலர். இந்த டிஸ்க்கின் முறையே வேறு. இதில் 16 பிட், 24 பிட் எல்லாம் கிடையாது. ஒரே ஒரு பிட்தான். ஆனால் விநாடிக்கு 28,22,400 முறை பதிவாகும். சிடியின் வேகத்தைப் போல 64 மடங்கு. இந்த முறைக்கு டிஎஸ்டி என்று பெயர். ஒரு அடுக்கில் 4.7 ஜிபி தகவல் பிடிக்கும். ஸ்டீரியோவுடன், வீட்டு தியேட்டர் மாதிரி 5.1 சேனல் பதிவும் இருக்கலாம்.

டிவிடி-ஆடியோ: 2000ல் வந்தது. எஸ்ஏசிடிக்குப் போட்டி. சிடியின் பிசிஎம் முறையையே பெரிதாக்கியது இது. ஸ்டீரியோவில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். 5.1 சேனலில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை. இந்தப் போட்டியில் இரண்டுமே மக்கள் சந்தையில் ஜெயிக்கவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் எம்பி3, ஐபாட் பக்கம் போய்விட்டார்கள். டிவிடி-ஆடியோவில் புதிய வெளியீடுகள் அநேகமாக நின்றே போயின.

ப்ளூ-ரே ஆடியோ: படம் பார்க்கும் அதே ப்ளூ-ரே டிஸ்க்தான். ஆனால் பாட்டுக்காகவே தயாரிக்கப்பட்டது. 2013ல் யுனிவர்சல் மியூசிக் நிறுவனம் இதைப் 'ப்யூர் ஆடியோ' என்ற பெயரில் பெரிய அளவில் வெளியிட்டது. இப்போது டால்பி அட்மாஸ் பதிவுகளும் இந்த டிஸ்க்கில் வருகின்றன. 3 வகைகளில் வாசிக்க எளிதானது இதுதான். எந்த ப்ளூ-ரே பிளேயரிலும் ஓடும்.

எஸ்ஏசிடி மட்டும் இன்னும் முழுதாகச் சாகவில்லை. ஜப்பானிலும், பிஐஎஸ், சாண்டோஸ் போன்ற ஐரோப்பிய செவ்வியல் இசை நிறுவனங்களிலும் அது தொடர்ந்து உயிரோடு இருந்துவருகிறது. பழைய ராக், ஜாஸ் ஆல்பங்களை மொபைல் ஃபிடலிட்டி, அனலாக் புரொடக்‌ஷன்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இதில் மறுவெளியீடு செய்கின்றன.

உங்கள் கையில் இருப்பது எந்த டிஸ்க்?

பார்ப்பதற்கு எல்லாமே 12 செ.மீ. வட்டம்தான். அதனால் அட்டையிலும் டிஸ்க்கின் மேலும் உள்ள லோகோவைப் பாருங்கள்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. எஸ்ஏசிடியில் 2 ரகம். ஒன்று 'ஹைப்ரிட்'. இதில் 2 அடுக்குகள். ஒன்று சாதாரண சிடி அடுக்கு, இன்னொன்று ஹை-ரெஸ் அடுக்கு. இதைச் சாதாரண சிடி பிளேயரில் போட்டாலும் பாடும். ஆனால் கேட்பது சிடி அடுக்குதான். 2003ல் வந்த பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைடு ஆஃப் த மூன்' 30ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த வகை. வீட்டில் எஸ்ஏசிடி இருப்பது தெரியாமலே அதைச் சிடியாகக் கேட்டவர்கள் ஏராளம்.

இன்னொரு ரகத்தில் சிடி அடுக்கே கிடையாது. சோனி தொடக்க ஆண்டுகளில் வெளியிட்ட எஸ்ஏசிடிக்கள், ஜப்பானில் 2010 முதல் வந்த எஸ்ஹெச்எம்-எஸ்ஏசிடிக்கள் எல்லாம் இந்த வகை. இவற்றைக் கம்ப்யூட்டர் டிரைவிலோ சிடி பிளேயரிலோ போட்டால் ஒன்றும் நடக்காது. டிஸ்க் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிவிடி-ஆடியோவிலும் இதே மாதிரி ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரண டிவிடி பிளேயரில் போட்டால் பெரும்பாலும் பாடும். ஆனால் அது அதே டிஸ்க்கில் கூடுதலாக வைத்திருக்கும் டால்பி டிஜிட்டல் பதிவு. உண்மையான ஹை-ரெஸ் பகுதியைக் கேட்க டிவிடி-ஆடியோ வசதி உள்ள பிளேயர் வேண்டும்.

காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

காசு செலவழிக்கும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது.

மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற அதுவும் குறையும். சிடியால் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்ய முடியும். அப்படியென்றால் அதற்கு மேல் எதற்கு என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

2007ல் பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹை-ரெஸ் டிஸ்க்கின் ஒலியை நேரடியாக ஒரு முறையும், சிடி தரத்துக்குக் குறைத்து ஒரு முறையும் போட்டுக் காட்டினார்கள். 554 முறை சோதித்ததில் சரியாகச் சொன்னது 276 முறை. அதாவது நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் வரக்கூடிய அதே பாதிக்குப் பாதி.

2016ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் வேறொரு முடிவுக்கு வந்தார். 18 ஆய்வுகளின் 12,500க்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், சரியாகச் சொன்னவர்கள் சுமார் 52.3 சதவீதம். பயிற்சி பெற்றவர்களிடம் இது 60 சதவீதத்தை ஒட்டிப் போனது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் இந்த டிஸ்க்குகளைத் தேடி ஏன் இவ்வளவு பேர் அலைகிறார்கள்? 2 காரணங்கள்.

முதல் காரணம் மாஸ்டரிங். 1990களுக்குப் பிறகு பல சிடிக்கள், எப்போதும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக அழுத்தி நசுக்கித் தயாரிக்கப்பட்டன. மெதுவான இடமும் சத்தம், சத்தமான இடமும் சத்தம். ஹை-ரெஸ் டிஸ்க்குக்குப் பல நேரங்களில் பழைய டேப்பில் இருந்து நிதானமாகப் புதிய மாஸ்டர் எடுக்கிறார்கள். வாசிப்பின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கும். நீங்கள் கேட்டு வியப்பது பெரும்பாலும் இந்த வேலையைத்தான், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்ணை அல்ல.

இரண்டாவது காரணம் 5.1 சேனல். அந்தப் பதிவு சிடியில் கிடையவே கிடையாது. பல ஆல்பங்களின் சரவுண்ட் பதிவு அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அந்தப் பதிவும் போச்சு.

ரிப் செய்வது என்றால் என்ன? சாதாரண சிடியில் இருந்து தொடங்குவோம்

டிஸ்க்கில் உள்ள ஒலியை, தரம் குறையாமல் கம்ப்யூட்டர் ஃபைலாக எடுப்பதுதான் ரிப். சிம்பிளாகச் சொன்னால், டிஸ்க்கில் இருக்கும் ஒன்றும் பூஜ்ஜியமும் மாறாமல் ஹார்டு டிஸ்க்குக்கு வர வேண்டும்.

சிடிக்கு இது சுலபம். தேவை 3 பொருட்கள்: யுஎஸ்பியில் செருகும் ஒரு டிவிடி டிரைவ், ஒரு கம்ப்யூட்டர், ஒரு மென்பொருள். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி இலவசம். டிபிபவர்ஆம்ப் காசு கொடுத்து வாங்குவது, ஆனால் பயன்படுத்த எளிது. மேக்கில் எக்ஸ்எல்டி இலவசம்.

ஏன் தனி மென்பொருள்? சிடி பிளேயர் ஒரு கீறலைச் சந்தித்தால், அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். கேட்பதற்கு அது போதும். காப்பி எடுப்பதற்குப் போதாது. இந்த மென்பொருட்கள் சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும்.

எடுத்தது சரிதானா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அக்யூரேட்ரிப் என்ற வசதி. உங்கள் ரிப்பின் கணக்கை, உலகில் அதே சிடியை ரிப் செய்த மற்றவர்களின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்தினால் உங்கள் காப்பி சுத்தம். அவ்வளவுதான்.

சேமிக்கும்போது ஃப்ளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். எம்பி3 வேண்டாம். எம்பி3 ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்து சுருக்கும். ஃப்ளாக் எதையும் எறியாமல் சுருக்கும். ஒரு மணி நேர சிடி சுமார் 635 எம்பி. ஃப்ளாக்கில் அது ஏறக்குறைய பாதியாகும். போனுக்கு எம்பி3 வேண்டுமென்றால் ஃப்ளாக்கில் இருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எம்பி3யில் இருந்து பழைய தரத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

எஸ்ஏசிடியை ஏன் அப்படி எடுக்க முடியாது?

எஸ்ஏசிடியை வடிவமைத்தபோதே அதைக் கம்ப்யூட்டர் தொடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஹை-ரெஸ் அடுக்கு முழுவதும் பூட்டப்பட்டது. அதைத் திறக்கும் சாவி பிளேயருக்குள் மட்டும் இருக்கும். கடையில் விற்கும் எந்தக் கம்ப்யூட்டர் டிரைவுக்கும் அந்தச் சாவி கிடையாது. அதனால் ஹைப்ரிட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் சிடி அடுக்கு மட்டும் தெரியும். ஏறக்குறைய 10 ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பூட்டு அசையவில்லை.

அசைத்தது ஒரு கேம் கருவி. சோனி 2006ல் வெளியிட்ட பிளேஸ்டேஷன் 3ன் தொடக்க மாடல்கள் எஸ்ஏசிடியை வாசிக்கும். பின்னால் வந்த மாடல்களில் சோனி இந்த வசதியை எடுத்துவிட்டது. ஆனால் பழைய மாடலும் 3.55 அல்லது அதற்கு முந்தைய உள்மென்பொருளும் சேர்ந்திருந்தால், அந்தக் கருவியையே வைத்து டிஸ்க்கைத் திறந்துவிடலாம் என்று 2011 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பழைய பிளேஸ்டேஷனுக்குத் தனி மவுசு வந்தது. கேம் ஆடாதவர்கள்கூடத் தேடி வாங்கினார்கள்.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு வழி தெரியவந்தது. ஒரே மாதிரி மீடியாடெக் சிப் வைத்த சில ப்ளூ-ரே பிளேயர்கள் இருந்தன. ஓப்போ 103, 105, பயோனியர் பிடிபி-160, சோனியின் சில மலிவு மாடல்கள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். பிளேயரிடம் ஏற்கெனவே சாவி இருக்கிறது. பிளேயரே பூட்டைத் திறந்து, தகவலை வீட்டு நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். இதனால்தான் கடையில் மலிவாகக் கிடந்த சில பழைய பிளேயர்களுக்குச் செகண்ட் ஹேண்ட் சந்தையில் திடீரென்று மதிப்பு கூடியது.

டிவிடி-ஆடியோவும் ப்ளூ-ரேயும் இந்த அளவுக்குக் கடினம் இல்லை. இரண்டையும் வாசிக்கும் கம்ப்யூட்டர் டிரைவ்கள் இருக்கின்றன. ஆனால் இவற்றிலும் பெரும்பாலான டிஸ்க்குகளுக்குப் பூட்டு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் கவனம் தேவை. நாம் வாங்கிய டிஸ்க்தானே, காப்பி எடுத்தால் என்ன என்று தோன்றும். பதில் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான உபயோகத்துக்கு இடம் கொடுக்கிறது. 2012ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம் என்கிறது. 'மீறும் நோக்கத்தோடு' என்ற சொற்கள் முக்கியம். சட்டம் தடை செய்யாத காரியத்துக்குப் பூட்டைத் திறப்பதற்கு அதே பிரிவு விலக்கும் தருகிறது.

அமெரிக்காவில் நிலைமை கடுமை. 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ சட்டப்படி, சொந்த டிஸ்க்காக இருந்தாலும் பூட்டை உடைப்பதே பொதுவாகத் தடை. பிரிட்டனில் 2014 அக்டோபரில் சொந்தக் காப்பிக்கு அனுமதி கொடுத்தார்கள். 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் வாசகர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லா நாட்டிலும் பொதுவான ஒன்று உண்டு. ரிப் செய்த ஃபைலை டெலிகிராமில் போடுவது, நண்பர்களுக்குப் பென் டிரைவில் கொடுப்பது, விற்பது ஆகியவை தப்பு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூட்டுப் போடுகிறோம் என்று நிறுவனங்களும் எல்லை மீறியிருக்கின்றன. 2005ல் சோனி பிஎம்ஜி நிறுவனம் விற்ற சில சிடிக்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், கேட்பவருக்குத் தெரியாமலே ஒரு மென்பொருள் ஒளிந்து உட்கார்ந்துகொண்டது. அது வைரஸ்களுக்கும் வழி திறந்துவிட்டது. மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அக்டோபர் 31ஆம் தேதி அதை வெளியில் கொண்டுவந்தார். வழக்குகள் தொடரப்பட்டன, சிடிக்கள் திரும்பப் பெறப்பட்டன.

பூட்டை உடைக்காமல் வழி இல்லையா?

இருக்கிறது. 3 வழிகள்.

ஒன்று, ஹைப்ரிட் டிஸ்க்கின் சிடி அடுக்கை மட்டும் ரிப் செய்வது. அதற்குப் பூட்டு இல்லை. மேலே பார்த்த ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், ஸ்டீரியோ மட்டும் கேட்பவருக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் சில ஆல்பங்களில் சிடி அடுக்குக்கு வேறு மாஸ்டர் பயன்படுத்தியிருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு, பிளேயரின் அனலாக் வெளியீட்டில் இருந்து பதிவு செய்வது. பழைய கேசட் காலத்து முறைதான். பிளேயரின் ஆர்சிஏ வயரை ஒரு நல்ல யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் கொடுத்து, 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யலாம். ஒரு மணி நேர ஆல்பத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், பாட்டுகளைக் கையால் பிரிக்க வேண்டும். பிட்டுக்கு பிட் காப்பி இது ஆகாது. ஆனால் கவனமாகச் செய்தால் காதுக்குக் குறை தெரியாது.

மூன்று, அதே பதிவை ஃபைலாகவே வாங்குவது. நேட்டிவ்டிஎஸ்டி போன்ற இணையக் கடைகளில் பல செவ்வியல், ஜாஸ் ஆல்பங்கள் டிஎஸ்டி ஃபைலாகவே கிடைக்கின்றன. ஆப்பிள் மியூசிக்கும் 2021 முதல் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பாடல்களைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறது. நீங்கள் தேடும் ஆல்பம் அங்கே இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இருந்தால் பாதி வேலை மிச்சம்.

எந்த வடிவில் சேமிப்பது? எவ்வளவு இடம் ஆகும்?

டிஎஸ்டி ஒலியை ஃப்ளாக்கில் அப்படியே வைக்க முடியாது. அதற்கு டிஎஸ்எஃப், டிஎஃப்எஃப் என்று தனி வடிவங்கள் உண்டு. டிஎஸ்எஃப் எடுப்பது நல்லது. பாட்டின் பெயர், பாடியவர், அட்டைப்படம் எல்லாம் அதற்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மணி நேர ஸ்டீரியோ பதிவுக்குச் சுருக்காமல் ஆகும் இடம் இதோ:

சிடி தரம்: சுமார் 635 எம்பி.
24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்: சுமார் 2 ஜிபி.
எஸ்ஏசிடியின் டிஎஸ்டி: சுமார் 2.5 ஜிபி.
24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்: சுமார் 4.1 ஜிபி.

5.1 சேனல் என்றால் இன்னும் கூடும். எது எப்படி இருந்தாலும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் மட்டும் வைக்காதீர்கள். 200 சிடியை ரிப் செய்ய வாரக்கணக்கில் ஆகும். ஹார்டு டிஸ்க் படுக்க ஒரு நொடி போதும். இன்னொரு டிஸ்க்கில் ஒரு காப்பி, முடிந்தால் வேறொரு வீட்டில் ஒரு காப்பி. ரிப் முடிந்ததும் அசல் டிஸ்க்கைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடவும் வேண்டாம். அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியதற்குச் சாட்சி.

பிளேயர் வாங்குவதென்றால் எதை வாங்குவது?

முதலில் சந்தை நிலவரம். எல்லா டிஸ்க்கையும் வாசிக்கும் பிளேயர்களுக்குப் பெயர் போன ஓப்போ டிஜிட்டல், 2018 ஏப்ரலில் புதிய தயாரிப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு சாம்சங் அமெரிக்காவில் புதிய ப்ளூ-ரே பிளேயர் கொண்டுவருவதில்லை என்றது. பிறகு எல்ஜியும் விலகியது. இருக்கும் தேர்வுகள் குறைந்துகொண்டே வருகின்றன.

உங்கள் தேவையைப் பொறுத்து 3 வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, எல்லாம் வாசிக்கும் ப்ளூ-ரே பிளேயர். சோனியின் யுபிபி-எக்ஸ்800எம்2 மாடல் சிடி, எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ, ப்ளூ-ரே எல்லாவற்றையும் வாசிக்கும். ஆனால் அனலாக் வெளியீடு கிடையாது. வீட்டில் ஹெச்டிஎம்ஐ உள்ள ஏவி ரிசீவர் இருந்தால்தான் பொருந்தும். மேக்னடார் யுடிபி800, யுடிபி900 இரண்டிலும் அனலாக் வெளியீடு உண்டு, விலை அதிகம். ப்ளூ-ரே பிளேயர் என்றாலே எஸ்ஏசிடி வாசிக்கும் என்று நினைக்க வேண்டாம். பானசோனிக்கின் யுபி820 படத்துக்கு நல்ல பெயர் எடுத்தது. அது எஸ்ஏசிடியை வாசிக்காது.

இரண்டாவது வகை, ஸ்டீரியோ எஸ்ஏசிடி பிளேயர். டெனான் டிசிடி-1700என்இ, மராண்ட்ஸ் எஸ்ஏசிடி 30என், டெக்னிக்ஸ் எஸ்எல்-ஜி700எம்2 போன்றவை. ஆம்ப்ளிஃபயரும் 2 ஸ்பீக்கரும் வைத்துப் பாட்டு மட்டும் கேட்பவர்களுக்கு இவை. 5.1 சேனல் வராது. படமும் ஓடாது.

மூன்றாவது வகை, வெறும் சிடி பிளேயர், அல்லது பிளேயரே இல்லாமல் ரிப் செய்த ஃபைலும் ஒரு யுஎஸ்பி டிஏசியும். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் சாதாரண சிடி என்றால் இதுவே போதும். 4 எஸ்ஏசிடிக்காகப் பெரிய தொகை போட வேண்டியதில்லை.

எந்த வயரில் இணைப்பது?

பலர் சறுக்கும் இடம் இது. எஸ்ஏசிடியின் ஒலியை ஆப்டிகல், கோஆக்சியல் வயர் வழியாக முழுத் தரத்தில் எடுக்க முடியாது. பூட்டு அங்கேயும் இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ வழியாக எடுக்கலாம். 2005ல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.2 முதல் டிஎஸ்டியை அனுப்பும் வசதி உண்டு. இல்லையென்றால் அனலாக் ஆர்சிஏ வயர்.

பிளேயரை டிவியில் செருகி, டிவியில் இருந்து சவுண்ட்பாருக்குக் கொடுத்தால் ஹை-ரெஸ் தரம் வழியிலேயே காணாமல் போக வாய்ப்பு அதிகம். பிளேயரில் இருந்து நேராக ரிசீவருக்குக் கொடுங்கள். செட்டிங்ஸில் எஸ்ஏசிடி அடுக்கா, சிடி அடுக்கா, ஸ்டீரியோவா, மல்டி சேனலா என்று ஒரு தேர்வு இருக்கும். அதையும் ஒரு முறை பாருங்கள். புதிய பிளேயர் வாங்கி மாதக்கணக்கில் சிடி அடுக்கையே கேட்டுக்கொண்டிருக்க இந்த ஒரு செட்டிங் போதும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கவனிக்க வேண்டியவை

லென்ஸ்: சிடியை வாசிக்கும் லேசர் வேறு, எஸ்ஏசிடியை வாசிக்கும் லேசர் வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர், எஸ்ஏசிடிக்கு 650 நானோமீட்டர். ஒன்று போய் இன்னொன்று மட்டும் வேலை செய்யலாம். விற்பவர் ஒரு சிடியைப் போட்டுக் காட்டி 'நல்லா ஓடுது பாருங்க' என்பார். அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். உங்கள் எஸ்ஏசிடியைக் கையோடு கொண்டுபோங்கள். கடைசிப் பாட்டு வரை தாவிப் பாருங்கள். டிஸ்பிளேயில் எஸ்ஏசிடி என்று வருகிறதா என்றும் பாருங்கள்.

வோல்டேஜ்: ஜப்பான் சந்தைக்கான பிளேயர்கள் 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டில் 230 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் கதை முடிந்தது. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

ரீஜன்: எஸ்ஏசிடிக்கு ரீஜன் தடை இல்லை. ஆனால் அதே பிளேயரில் படமும் பார்ப்பதென்றால், இந்தியாவுக்கு டிவிடியில் ரீஜன் 5, ப்ளூ-ரேயில் ரீஜன் சி. அமெரிக்காவில் வாங்கிய பிளேயர் இங்குள்ள படத்தை மறுக்கலாம்.

தட்டு: டிஸ்க் வைக்கும் தட்டை 10 முறை திறந்து மூடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் திணறும். பெல்ட் மாற்றுவது சின்ன வேலை. லேசர் கிடைப்பதுதான் கஷ்டம்.

ரிமோட்: பல பிளேயர்களில் ரிமோட் இல்லாமல் செட்டிங்ஸுக்குள்ளேயே போக முடியாது. ரிமோட் இல்லையென்றால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

டிஸ்க்கைப் பாதுகாப்பது எப்படி?

டிஸ்க் என்றென்றும் இருக்கும் என்று விளம்பரம் செய்த காலம் உண்டு. அது உண்மை இல்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் இருந்த பிடிஓ தொழிற்சாலையில் 1988 முதல் 1993 வரை தயாரான சிடிக்களில் பல, ஓரத்தில் இருந்து வெண்கல நிறத்துக்கு மாறி வாசிக்க முடியாமல் போயின. வெள்ளிப் பூச்சு அரிக்கப்பட்டதுதான் காரணம். உங்கள் பழைய சிடி பழுப்பு நிறமாகத் தெரிந்தால் அதை முதலில் ரிப் செய்யுங்கள்.

துடைக்கும்போது நடுவில் இருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாட்டின் பாதையிலேயே விழும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: சாதாரண சிடியில் பளபளக்கும் பக்கத்தைவிட, பெயர் அச்சிட்ட பக்கத்தில் விழும் கீறல் ஆபத்தானது. ஒலி பதிவான அடுக்கு அந்த அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே கீறினால் பதிவே பெயர்ந்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பரண் நல்ல இடம் இல்லை. அலமாரியின் கீழ்த்தட்டில், உறையோடு, நிற்க வைத்து அடுக்குங்கள்.

சுருக்கமாக: யார் என்ன செய்யலாம்?

சாதாரண சிடி மட்டும் வைத்திருப்பவர்கள்: ஒரு யுஎஸ்பி டிரைவ் வாங்கி, ஃப்ளாக்கில் ரிப் செய்து, 2 இடத்தில் சேமியுங்கள். பிளேயர் கட்டாயம் இல்லை.

ஒன்றிரண்டு ஹைப்ரிட் எஸ்ஏசிடி வைத்திருப்பவர்கள்: சிடி அடுக்கை ரிப் செய்யுங்கள். ஹை-ரெஸ் வேண்டுமென்றால் அந்த ஆல்பம் ஃபைலாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

5.1 சேனல் டிஸ்க்குகளும் ஏவி ரிசீவரும் வைத்திருப்பவர்கள்: எல்லாம் வாசிக்கும் பிளேயரைக் கிடைக்கும்போதே வாங்கி வையுங்கள். இன்னும் 5 ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

எதுவுமே இல்லை, புதிதாகத் தொடங்குகிறேன் என்பவர்கள்: பிளேயருக்குப் போடும் காசில் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ போடுங்கள். காதில் தெரியும் பெரிய மாற்றம் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. டிஸ்க் வீணாகும், பிளேயர் நிற்கும், ஸ்ட்ரீமிங்கில் இன்று இருக்கும் பாட்டு நாளை உரிமம் முடிந்து காணாமல் போகும். பரணில் இருக்கும் அந்தப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை கீழே இறக்குங்கள். எந்த டிஸ்க் இன்னும் பாடுகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். அப்பா வாங்கியது என்றால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டை முதலில் ரிப் செய்ய வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.